உயிரோடு பிடித்தவை

கூகை எலியைக் கடித்து மென்று தின்பதில்லை. பிடித்ததைத் தலை முதல் வால் வரை அப்படியே விழுங்கிவிடும். சதை செரித்த பிறகு, எலும்பும் முடியும் வயிற்றுக்குள்ளேயே திரண்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு உருண்டையாக வாய் வழியே வெளியே வந்து விழும். அந்த உருண்டையைப் பிரித்தால் முந்தின நாள் அது என்ன தின்றது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் தையல்காரம்மாவுக்குச் சொன்னவள் அவள் மகள்.

மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஊருக்குள் வாழும் கூகை எதைத் தின்கிறது, வயல்காட்டில் வாழும் கூகை எதைத் தின்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். ஊருக்கு ஒரு தானியக் கிடங்கின் பரண்; வயலுக்கு, மக்காச்சோளக் காட்டில் கம்பம் நட்டு மாட்டிய ஒரு மரப்பெட்டி. இரண்டு இடத்திலும் பொறுக்கிய உருண்டைகளைக் காலணிப் பெட்டிகளில் கொண்டுவந்து, அம்மாவின் துணி வெட்டும் மேசையில் கடை விரித்துவிடுவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு ஊசிகளால் முடியை விலக்கினால் உள்ளே மண்டையோடுகள். பல்லைப் பார்த்தால் ஆள் யாரென்று சொல்லலாம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி. இடைவெளியே இல்லாமல் ஊசி ஊசியாக வரிசை கட்டியிருந்தால் மூஞ்சூறு.

மகளுக்கு மூளை இருந்த அளவுக்குப் பொறுமை கிடையாது. அவசரத்தில் குத்தி மண்டையோட்டை உடைத்துவிட்டு, "உன் கையைக் கழற்றிக் குடும்மா, வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்" என்பாள். பட்டுத்துணியில் பிரிந்த இழையை ஒட்டவைத்துப் பழகிய கை. மாதம் இரண்டு போவதற்குள் தையல்காரம்மா மகளைவிடச் சுத்தமாகப் பிரித்தாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர்தான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவார். ஒருமுறை, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து, "எங்களுக்குத் தெரியாம பலகாரமா?" என்று ஒன்றை எடுத்து மோந்தே பார்த்துவிட்டாள். அதை நினைத்து நினைத்து மகள் ஒரு வாரம் சிரித்தாள்.

"வயல் கூகைக்கு வீட்டுச் சாப்பாடும்மா," என்று சொல்வாள். "தினமும் அதே வயலெலி, என்னைக்காவது ஒரு தவளை. ஊர்க் கூகை ஓட்டல்ல சாப்பிடுது. வீட்டெலி, சுண்டெலி, மூஞ்சூறு, வௌவால், குருவி... அதோட கொழுப்பைப் பாரு."

வயலிலிருந்து திரும்பும் வழியில் மணல் லாரி ஒன்று அவள் வண்டியில் மோதியது. பின்னால் கட்டியிருந்த பெட்டியில் உருண்டைகள் ஒன்றுகூட உடையாமல் வீடு வந்து சேர்ந்தன.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், விறைத்த உடம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர் தையல்காரம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "உடனே போயிடுச்சும்மா. வலி தெரிஞ்சிருக்காது. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு." அப்போது அந்த வார்த்தை அவளுக்குத் தண்ணீர் வார்த்ததுபோல் இருந்தது. பிறகு மகளைக் குளிப்பாட்டும்போது கைகளைப் பார்த்தாள். பத்து விரல் நகங்களுக்குள்ளும் தார்த்தூள் அப்பியிருந்தது. சாலையைப் பிராண்டியிருக்கிறாள். அந்த ஊழியர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் குரலை எப்படி அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டார் என்றுதான் யோசித்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த பேராசிரியை மேசையருகே வெகுநேரம் நின்றார். வயல் கணக்கு முடிந்துவிட்டது, ஊர்ப் பக்கம்தான் பாக்கி என்றார். கிடங்குப் பரணில் குஞ்சு பொரித்திருந்தது. அவை பறந்து போகும்வரை பொறுக்கினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஈடாகும். இனி அதை யார் செய்வது என்று கேட்பதற்காக அவர் சொல்லவில்லை. பேச வேறு எதுவும் இல்லாததால் சொன்னார். தையல்காரம்மா, தான் செய்யலாமா என்று கேட்டாள். பேராசிரியை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த 'ஊர்' பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

அன்று சாப்பிடும்போது கணவர் கேட்டார். "எலும்பைப் பொறுக்கிக் குடுத்தா போனவ வந்துடுவாளா?"

"வரமாட்டா," என்றாள். "குஞ்சுங்க பறக்கட்டும். அதுவரைக்கும் என்னை விட்டுடுங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

தானியக் கிடங்கு சந்தைக்குப் பின்னால், சரக்கு லாரிகள் திரும்பும் சந்தில் இருந்தது. அங்கே மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவருக்கு நெட்டை என்று பெயர். அவருடைய உண்மையான பெயரைச் சம்பளம் கொடுக்கிறவர்கூட மறந்திருப்பார். மகள் பரணுக்கு ஏறும்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொள்வது அவர் வேலையாக இருந்தது. மற்ற ஆட்கள் கூகையைச் சாவுக்குருவி என்று திட்டி, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நெட்டை மட்டும், "அது பாட்டுக்கு எலி புடிச்சுத் தின்னுட்டுக் கெடக்குது, உங்க வீட்டுச் சோத்துலயா கையை வெச்சுது?" என்பார். அம்மா முதல் தடவை வந்தபோது, கேட்காமலே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். பாப்பா எந்தப் படியில் நின்று இளைப்பாறும், எந்தச் சட்டத்தில் தலையை இடித்துக்கொள்ளும் என்றெல்லாம் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஏறி முடிக்கும்வரை அவருடைய முகம் மேலேயே இருந்தது.

பரணில் மூன்று குஞ்சுகள். பார்த்ததும் பாசம் பொங்குகிற முகம் இல்லை அவற்றுக்கு. கிழட்டுக் குரங்கின் முகத்தில் பஞ்சை ஒட்டியதுபோல் இருந்தன. ஆளைக் கண்டதும் சூடான இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல் சீறின. "சீறுங்க, சீறுங்க," என்றாள் தையல்காரம்மா. "அவளையும் இப்படித்தானே சீறியிருப்பீங்க." மகள் போனபிறகு அன்றுதான் முதல்முறை அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

வாரந்தோறும் போனாள். உருண்டைகளைக் கொண்டுவந்து ஊறவைத்துப் பிரித்தாள். வீட்டெலி, சுண்டெலி, ஒரு வௌவாலின் மெல்லிய கையெலும்பு. மகள் சொன்ன ஓட்டல் சாப்பாடு. மண்டையோடுகளைக் கழுவி 'ஊர்' என்று எழுதிய அட்டையில் வரிசையாக வைக்கும்போது, பக்கத்து நாற்காலியில் யாரோ பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். அந்த நேரம் மட்டும்தான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஒருநாள் ஊறிய உருண்டையின் முடி நீலமாக இருந்தது.

அவள் கை நின்றுவிட்டது. போன வருஷம் வயல் பெட்டியிலும் இப்படி ஒன்று வந்தது. எலி மருந்துக் கட்டிக்குப் போடும் சாயம் அது. அந்த மருந்து எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறையாமல் செய்துவிடும். எலி சில நாள் நடமாடி, உள்ளுக்குள்ளேயே கசிந்து சாகும். சாகப்போகிற எலி தளர்ந்து, பட்டப்பகலில்கூட வெளியே வந்து நிற்கும். கூகைக்கு அதைவிட லேசான இரை கிடைக்காது. தின்ற கூகைக்கும் பிறகு அதே கதிதான். "நீலம் வந்தா கூடு காலிம்மா," என்று அன்று மகள் சொன்னாள். அப்படியே ஆயிற்று. வேறு ஜோடி வந்து சேரும்வரை அந்தப் பெட்டி காலியாகவே கிடந்தது.

மறுநாள் கிடங்குக் கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வரப்போகிறார்கள், மூட்டையெல்லாம் ஓட்டையாகக் கிடந்தால் தன் தலைதான் உருளும் என்றார். எல்லா மூலையிலும் நீலக்கட்டி வைத்து இரண்டு வாரம் ஆகிறது என்றும் சொன்னார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஈரம் காயாத அந்த நீல முடியைத் தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்தாள். அதை விரித்துக் காட்டிவிட்டு, "என் பொண்ணு பாத்துக்கிட்டிருந்த கூடுங்க அது," என்று மட்டும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, கட்டிகளையெல்லாம் பொறுக்கி எடுக்கச் சொன்னார். இனிமேல் கம்பிப் பொறிதான் என்றார். அவள் கண்முன்னாலேயே ஒரு வாளி நிறைய எடுத்தார்கள்.

ஆனால் பெரியவை இரண்டும் தப்பவில்லை. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒன்று இறக்கை விரித்துக் கிடந்தது, அலகோரம் ரத்தம். இன்னொன்று எங்கே போய் விழுந்ததோ, திரும்பவே இல்லை. பரணில் மூன்று குஞ்சுகளும் பசி தாங்காமல் பகலெல்லாம் சீறின. லாரி இரைச்சலையும் மீறி அது கீழே கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கவில்லை. கணவர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னதும் எழுந்து வெளியே போனார். பணிமனையின் பழைய இரும்புக் குவியலிலிருந்து கம்பிவலை எடுத்துவந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு எலிப்பொறிகள் செய்தார். அந்த வாரம் அக்கம்பக்கத்துச் சமையலறைகளிலெல்லாம் அவர் பொறி ஏறி இறங்கியது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர், பிடிபட்ட சுண்டெலிகளைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்தவர் பையில் என்ன என்று கேட்டதற்கு, "பேரப்பசங்களுக்குத் தீனி" என்றாராம். அதை வீட்டில் சொல்லும்போது சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வளர்கிற குஞ்சுகளுக்கு அது எந்த மூலைக்கு? நெட்டைதான் வழி சொன்னார்.

"கிடங்குல எலிக்கா பஞ்சம்? நான் புடிச்சுப் போடறேன்க்கா. நீங்க எதுக்கு வீடு வீடா அலையறீங்க?"

அவள் யோசித்தாள். மருந்து எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் ஒரு நிபந்தனை போட்டாள். "செத்ததைக் குடுத்துடாதீங்க. செத்துக் கெடக்கறது எதைத் தின்னு செத்துச்சுன்னு தெரியாது. உயிரோட இருக்கறதை மட்டும் புடிச்சுக் குடுங்க."

"சத்தியமாக்கா. உயிரோட மட்டும்தான்."

அவர் சொன்ன சொல்லில் இம்மியும் பிசகவில்லை. செத்த எலியைக் காலால்கூடத் தொடவில்லை. காலையில் வேலைக்கு முன்னும் மாலையில் முடித்த பின்னும் ஏணி ஏறி, நீண்ட இடுக்கியால் ஊட்டினார். குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. பஞ்சு உதிர்ந்து, பொன்னிறத்தில் இறகு முளைத்தது. குரங்கு முகம் மாறி, இதயத்தை வரைந்து நடுவே இரண்டு கரிய மணிகளைப் பதித்ததுபோல் ஆயிற்று. பெரியது பரண் சட்டத்தில் நின்று இறக்கையடித்தது. தூசி பறந்து தையல்காரம்மாவின் தலையெல்லாம் வெள்ளையானது. அவள் தட்டிக்கொள்ளக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்பல்லாம் ரொம்ப ஈஸிக்கா," என்றார் நெட்டை, கீழேயிருந்து. "பொறியே வேணாம். எலி பூனைக்குட்டி மாதிரி நிக்குது, அப்படியே அள்ளிக்கலாம். என்னைக் கண்டா அதுக்கும் பயம் விட்டுப்போச்சு."

அவள் சிரித்தாள். "உங்க உயரத்தைப் பாத்து மரம்னு நெனச்சிருக்கும்."

அவரும் சிரித்தார். இன்னும் ஒரு வாரம், பத்து நாள். அவ்வளவுதான், பறந்துவிடும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு வயிற்றுவலி என்று ஊரிலிருந்து தகவல் வந்ததால், நெட்டை அவரைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பில் போனார். போகும் முன் குஞ்சுகளுக்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டே போனார். மறுநாள் காலை தையல்காரம்மா, அந்த வாரம் பொறுக்கி வந்திருந்த, குஞ்சுகள் கக்கிய உருண்டைகளை மேசையில் ஊறவைத்தாள். அவை இப்போது பெரியவற்றின் அளவுக்கே கக்கின. முந்தின வாரங்களில் வந்தவற்றில் வழக்கமான சாம்பல் முடிதான் இருந்தது. ஊசியால் முடியை விலக்கினாள்.

நீலம்.

அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் நீலம். அதற்கடுத்ததில் தண்ணீரே லேசாக நிறம் மாறியது.

கட்டிகளை எடுத்தாகிவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. வெளியே கிடந்தவற்றைத்தான் ஆட்கள் எடுத்தார்கள். எலி தின்பதோடு நிற்பதில்லை. இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் சேர்த்தும் வைக்கும். ஒரு வாளி போக, இன்னொரு வாளி சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பூனைக்குட்டி மாதிரி நிக்குது. அது பயம் விட்ட எலி இல்லை. உள்ளே கசிந்துகொண்டிருந்த எலி. அவள் உயிரோடு வேண்டும் என்று கேட்டாள். உயிரோடு இருந்தவற்றில் எது ஓடவில்லையோ அதுவே கையில் சிக்கியது. செத்தவற்றை ஒதுக்கிவிட்டுச் சாகப்போகிறவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஊட்டியிருக்கிறார்கள்.

அன்று கிடங்குக்கு விடுமுறை. கண்காணிப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியோடு அழைத்துப் போனாள். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். பரணில் இரண்டு குஞ்சுகள் முகம் குப்புறக் கிடந்தன. முளைக்கிற இறகின் தண்டுகளில் ரத்தம் ஓடும். அந்தத் தண்டுகள் ஒவ்வொன்றிலிருந்தும் கசிந்து, பொன்னிறமெல்லாம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. பெரியது மட்டும் மூலையில் நின்றது. அவளைக் கண்டு சீறவில்லை.

மூன்றையும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்காணிப்பாளர் பையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "நெட்டைகிட்ட இதைச் சொல்லாதீங்க," என்றாள். அவர் சரி என்று தலையசைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

கால்நடை மருத்துவர், தான் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிறவர் என்று தயங்கினார். என்றாலும் ரத்தம் உறைவதற்கான ஊசி ஒன்று போட்டார். முந்தின வாரமே வந்திருந்தால் என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குஞ்சைத் துணி வெட்டும் மேசையில், மிச்சம் விழுந்த வெள்ளைத் துணிகளைக் குவித்து அதன்மேல் வைத்தார்கள். கணவர் பஞ்சில் தண்ணீர் தொட்டு அலகில் வைத்தார். அது கழுத்தைத் திருப்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. விடியும்போது துணியெல்லாம் நனைந்திருந்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

கணவர் மூன்றையும் பேராசிரியைக்குக் கொடுப்பதற்காக ஒரு பெட்டியில் வைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

நெட்டை. ஊரிலிருந்து இறங்கி, போகிற வழியில் கிடங்கை எட்டிப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கையில் சாக்கு மூடிய கம்பிப் பொறி. குனிந்து நிலைப்படி தாண்டி வந்தார்.

"பரண்ல யாரையும் காணோம்க்கா," என்றார். "பசங்க பட்டினி கெடக்குமேன்னு, சந்துலயே ஒண்ணை அள்ளிக்கிட்டு ஏறினேன். ஒண்ணுகூட இல்ல. என்னாச்சுக்கா?"

தையல்காரம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"பறந்துடுச்சு."

"மூணுமா?"

"மூணும்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு எல்லாம் தெரிய வேண்டியிருந்தது. எது முதலில் போனது, எந்தப் பக்கம் போனது, சின்னது பயந்ததா என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியதுதான் முதலில். ஜன்னல் விளிம்பில் கொஞ்சம் தயங்கியது. சின்னதை யாரும் தள்ளவில்லை, தானாகவே போனது. ரயில்பாதைப் பக்கம். கஷ்டப்படவே இல்லை. தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. அந்தக் குரலை அவள் முன்பு எங்கே கேட்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சா குதிக்கும்," என்றார் நெட்டை.

"குதிப்பா."

எழுந்தவர் பொறியைப் பார்த்தார். "இதை என்ன செய்ய?"

"வச்சுட்டுப் போங்க."

அவர் போன பிறகு கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருந்தார். பொறியை எடுத்துக்கொண்டு போகக் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் போய்விட்டார்.

சாக்கை விலக்கினாள். எலி கம்பியைக் கடிக்கவில்லை, மூலைக்கு ஓடவில்லை. நடுவில் நின்றது. மூக்கு நுனியில் ஒரு பொட்டு சிவப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைக்க வேண்டிய துணி நிறைய இருந்தது. எதையும் எடுக்கவில்லை. நடுப்பகல்வரை ஆயிற்று. முன்னங்கால்களால் அது தகரத்தைப் பிராண்டியது, நிறுத்தியது, மறுபடியும் பிராண்டியது. கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற மாதிரி இல்லை.